குவயட், சைலண்ட்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது "அமைதியாக" என்ற தமிழ்ச்சொல் மனத்தில் எழுந்தால், கை ஒரு கணம் தயங்கும். குவயட் என்று எழுதுவதா, சைலண்ட் என்று எழுதுவதா? அகராதியைப் புரட்டினால் தயக்கம் தீர்வதில்லை. ஒன்றின் பொருளாக மற்றொன்றையே அது காட்டுகிறது. பல வாக்கியங்களில் எதைப் போட்டாலும் இலக்கணம் பிழைபடாது என்பதுதான் இந்த இணையில் உள்ள ஆபத்து. பிழை கண்ணில் படாமலேயே செய்தி மாறிவிடும்.

அதை நான் ஒரு மொழிபெயர்ப்பில் கற்றுக்கொண்டேன். விசாரணை ஒன்றின் ஆங்கில அறிக்கையில், மூன்று முறை கேள்வி கேட்கப்பட்ட ஒருவர் மூன்று முறையும் "ரிமெய்ன்ட் சைலண்ட்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை "அமைதியாக இருந்தார்" என்று தமிழாக்கினேன். படித்தவர்கள், கேள்விகளுக்கு அவர் பதற்றமில்லாமல் நிதானமாக விடையளித்தார் என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் அவர் வாயே திறக்கவில்லை. "மௌனம் சாதித்தார்" என்ற சரியான தொடர் தமிழில் ஆயத்தமாக இருந்தும் நான் அதை எடுக்காமல் போனது இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு இந்த இரு சொற்களில் ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் சில சோதனைகளைச் செய்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது, அந்த இடத்தில் ஓசை குறைவாக இருக்கிறதா, அறவே இல்லையா என்று கேட்பது. குவயட் என்பது அளவைச் சொல்லும் சொல். ஆகவே அதற்கு முன்னால் "வெரி" வரும், "ஃபேர்லி" வரும்; குவயட்டர், குவயட்டஸ்ட் என்று ஒப்பிடவும் முடியும். ஆட்கள் இருக்கிற நூலகத்தில் சுமார் 40 டெசிபல் ஓசை இருக்கும். தாள் புரளும், நாற்காலி நகரும், ஒருவர் மற்றவரிடம் கிசுகிசுப்பார். அது குவயட்டான இடம். சைலண்ட் என்பது பெரும்பாலும் எல்லையைச் சொல்லும் சொல். எல்லைக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. அதை அடையலாம், அல்லது நெருங்கலாம். அதனால்தான் அதற்கு முன்னால் "கம்ப்ளீட்லி", "டோட்டலி", "ஆல்மோஸ்ட்" ஆகியவை இயல்பாக அமைகின்றன. "வெரி சைலண்ட்" என்று எழுதினால் ஆங்கிலம் பழகிய செவிக்கு இடறும். "சைலண்டர்" என்று ஒப்பிட்டு எழுதுவாரும் இல்லை.

இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. மின்விசிறியையோ குளிர்பெட்டியையோ குவயட் என்று விவரிப்பது நேர்மையான விவரிப்பு. சைலண்ட் என்பது ஓசையே கேட்காது என்று கொடுக்கும் வாக்குறுதி. மெதுவாக ஓடும் மின்சாரக் கார்கள் நடந்து செல்வோர் செவியில் படாத அளவுக்கு ஓசை குன்றியவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய மின்சாரக் கார்கள் எல்லாமே குறைந்த வேகத்தில் செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்பது விதி. அப்படி ஓசை சேர்த்த பின்னும் அந்தக் கார்கள் குவயட்தான், சைலண்ட் அல்ல. ஆந்தையின் பறத்தலுக்கோ சைலண்ட் என்ற சொல்லையே ஆங்கிலம் தேர்ந்தெடுக்கிறது. அதன் சிறகின் முன்விளிம்பில் உள்ள சீப்புப் போன்ற இழைகளும் பின்விளிம்பின் மென்மையான குஞ்சங்களும் காற்றின் சலசலப்பை அடக்கிவிடுவதால், இரையின் செவிக்கு எட்டும்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

அடுத்த சோதனை மனிதக் குரலைப் பற்றியது. ஒருவர் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார் என்றால் "ஷி செட் குவயட்லி" என்று எழுதலாம். அங்கே "சைலண்ட்லி" என்று எழுதினால், பேசினாரா பேசவில்லையா என்று வாசகர் குழம்புவார்; மனத்துக்குள் சொல்லிக்கொண்டார் என்று அவராகவே ஊகிக்க வேண்டியிருக்கும். மனத்துக்குள் வாசிப்பது, மனத்துக்குள் பிரார்த்திப்பது ஆகியவற்றுக்குச் சைலண்ட்லி பொருந்துவது இதனால்தான். அழுகைக்கு இரண்டுமே வரும். "குவயட்லி" அழுதவரின் விசும்பல் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்காது; "சைலண்ட்லி" அழுதவரின் கண்ணீர் மட்டுமே இறங்கியிருக்கும், பக்கத்தில் அமர்ந்தவருக்குக்கூட அவர் அழுதது தெரிந்திராது.

இதுவரை சொன்னது ஓசையின் அளவு. சைலண்ட் என்ற சொல்லின் உயிர் அதற்கும் அப்பால் இருக்கிறது என்பது என் எண்ணம். குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில் குரல் வராமையையே அது சொல்கிறது. கத்தியைக் குறிக்கும் "நைஃப்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் இல்லை. அதைச் சைலண்ட் எழுத்து என்கிறோம். அதைக் குவயட் எழுத்து என்று சொல்ல முடியாது, ஏனெனில் அது மெல்ல ஒலிக்கவில்லை, ஒலிக்கவே இல்லை. பேச்சில்லாத பழைய திரைப்படங்கள் சைலண்ட் படங்கள் எனப்பட்டாலும் அவை ஓடிய அரங்குகளில் பியானோவோ ஆர்கனோ சில இடங்களில் முழு இசைக்குழுவோ வாசித்துக்கொண்டிருந்தது. அரங்கு நிசப்தமாக இல்லை, திரையில் இருந்தவர்களின் குரல்தான் இல்லை. மருத்துவத்திலும் இதே நிலைதான். நெஞ்சுவலி போன்ற வழக்கமான அறிகுறி இன்றி வந்துபோகும் மாரடைப்பைச் சைலண்ட் மாரடைப்பு என்பார்கள். அறிவிக்க வேண்டியது அறிவிக்காமல் போயிற்று என்பதே அங்கே பொருள். ஒரு சட்டம் குறிப்பிட்ட பொருளைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், அந்தச் சட்டம் அதைப் பற்றிச் சைலண்டாக இருக்கிறது என்று வழக்கறிஞர்கள் எழுதுவதும் இந்தப் பொருளில்தான்.

அமெரிக்காவில் கைதானவரைக் காவலில் வைத்து விசாரிக்கும் முன் அவருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை, 1966இல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வந்தது. அதில் உள்ள உரிமை "ரிமெய்ன் சைலண்ட்" என்பது. அந்த இடத்தில் குவயட் என்று போட்டுப் பாருங்கள்: கூச்சல் போடாமல் இருக்கும் உரிமை என்று ஆகிவிடும். பதில் சொல்லாதிருக்கும் உரிமை என்பது வேறு, சத்தம் போடாமலிருப்பது வேறு.

குவயட்டின் வேரைப் பார்த்தால் அதன் பிற பொருள்கள் தாமாக விளங்கும். அது ஓய்வில் இருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லான குயெட்டுஸிலிருந்து வந்தது. ஆகவே ஓசையைவிட அமர்வும் சலனமின்மையும்தான் அதன் அடிப்பொருள். சந்தடியற்ற தெரு குவயட். ஆரவாரமில்லாத வாழ்க்கை குவயட். வாடிக்கையாளர் குறைந்து வியாபாரம் மந்தமாக இருக்கும் நாள் குவயட். கண்ணைப் பறிக்காத நிறம்கூடக் குவயட். இவற்றில் எதிலும் சைலண்ட் நுழையாது, நுழைந்தாலும் பொருள் திரிந்துவிடும். சைலண்ட் என்பதோ பேசாதிருத்தலைக் குறிக்கும் சிலேரே என்ற லத்தீன் வினையின் வழி வந்தது.

இங்கே தமிழர்கள் சறுக்குகிற இடம் ஒன்று இருப்பதால் சற்று நின்று கவனிக்க வேண்டும். "சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்" என்று நாம் சொல்லும்போது ஓசையைப் பற்றிப் பேசவில்லை, பிறர் கவனத்துக்கு வராமல் முடித்தார் என்கிறோம். "சத்தமில்லாமல்" என்ற சொல்லைக் கண்டவுடன் சைலண்ட்லி என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் இதற்கு உரியது குவயட்லி. ஒரு நிறுவனம் தன் பழைய திட்டத்தை அறிவிப்பின்றிக் கைவிட்டால் "குவயட்லி" கைவிட்டது என்றே எழுத வேண்டும். அதேபோல, தெரிந்த விஷயத்தைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பதற்கு "கீப் குவயட் அபௌட்" என்பது தொடர். கருத்துச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் இருப்பதற்குச் "சைலண்ட் ஆன்" என்பது தொடர். முன்னதில் ஒளிப்பு இருக்கிறது, பின்னதில் நிலைப்பாடு எடுக்க மறுப்பது இருக்கிறது.

ஒரு மனிதரை விவரிக்கும்போது, சொல்வது அவருடைய இயல்பா, அந்தக் கணத்து நிலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் பேசாத சுபாவம் உள்ளவரைக் குவயட் என்கிறோம். அவர் பேசுவார், ஆனால் குறைவாக. சைலண்ட் பெரும்பாலும் ஒரு நிகழ்வைச் சொல்கிறது: கேள்வி வந்தது, அவர் பேசவில்லை. மாற்றத்தைச் சொல்லும் வினைகளும் தனித்தனியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குவயட்டுக்கு "கோ", சைலண்டுக்கு "ஃபால்". ஒரு கூட்டம் "ஃபெல் சைலண்ட்" என்றால் ஏதோ ஒன்று அதன் பேச்சை நிறுத்தியது என்று வாசகர் உடனே உணர்வார்.

பெயர்ச்சொல்லாக வரும்போது தேர்வு எளிது. எண்ணக்கூடியது சைலன்ஸ்: ஒரு நீண்ட சைலன்ஸ், சங்கடமான சைலன்ஸ், இரண்டு நிமிட சைலன்ஸ். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டனில் கடைப்பிடிக்கப்பட்ட இரண்டு நிமிடங்களை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். குரலை வேண்டுமென்றே நிறுத்தி மரியாதை செய்தமையால் வேறு சொல் அங்கே பொருந்தாது. குவயட் பெயர்ச்சொல்லாக நிற்கும் இடம் குறைவு: "பீஸ் அண்ட் குவயட்" என்ற இணைத்தொடரும், மாலையின் அமைதி போன்ற பொழுது வருணனைகளும்.

வினையில் கவனம் அதிகம் தேவை. அழும் குழந்தையைத் தேற்றி அடக்குவது அமெரிக்க வழக்கில் குவயட், பிரிட்டிஷ் வழக்கில் குவயட்டன். சைலன்ஸ் என்ற வினையில் பலமும் அதிகாரமும் இருக்கின்றன. விமர்சகரைச் சைலன்ஸ் செய்தார்கள் என்றால் வாயடைத்தார்கள் என்று பொருள். குழந்தைக்கு அந்த வினையைப் போட்டால் படிப்பவர் திடுக்கிடுவார். வண்டிகளில் நாம் எல்லோரும் சைலன்சர் என்று சொல்லும் பாகம் ஓசையைக் குறைக்கிறதே தவிர ஒழிப்பதில்லை. துப்பாக்கியில் பொருத்தும் சைலன்சரும் அப்படியே; அதனால் துறையறிந்தவர்கள் அதைச் சப்ரெஸர் என்று சொல்ல விரும்புகிறார்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, "அமைதி" என்ற சொல்லை முதலில் தமிழிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. அதை "மௌனம்" என்றோ "நிசப்தம்" என்றோ மாற்றினாலும் வாக்கியம் நிற்குமானால் சைலண்ட் பொருந்தும். "சந்தடியில்லாத", "மெல்லிய", "அடக்கமான" என்று மாறுமானால் குவயட். "நிதானம்" என்று மாறினால் இரண்டும் வேண்டாம், காம் என்பதே வேண்டும். நாட்டில் நிலவும் அமைதிக்குப் பீஸ்.

எழுத்துக்கூட்டலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குவயட்டின் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் "மிகவும், ஓரளவு" என்ற பொருளுடைய குவைட் ஆகிவிடும். அதுவும் சரியான சொல்லே என்பதால் கணினியின் பிழைதிருத்தி பல நேரங்களில் கண்டுகொள்ளாது. இரண்டு அசையாக வாய்விட்டு உச்சரித்துப் பார்த்து எழுதினால் இந்தத் தவறு வராது.

பழகுவதற்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "தி ஹவுஸ் வாஸ் குவயட்." உள்ளே யாரோ உறங்குகிறார்கள், கடிகாரம் ஓடுகிறது, அடுப்படியில் எங்கோ நீர் சொட்டுகிறது. இப்போது ஒரே சொல்லை மாற்றி "தி ஹவுஸ் வாஸ் சைலண்ட்" என்று எழுதுங்கள். கதவைத் திறந்தவர் யாரையோ பெயர் சொல்லி அழைத்திருக்கிறார், பதில் வரவில்லை.