ஜிப் கோப்பு இறங்க மறுக்கிறதா, இறங்கியும் திறக்க மறுக்கிறதா?

ஜிப் கோப்பு (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலம்) தகராறு செய்ததும் பலர் இருக்கிற பிரவுசரை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவப் போவார்கள். அது கடைசி வழி. முதலில் இறங்கிய கோப்பின் அளவைப் பாருங்கள். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வேலை: அளவு

1. விண்டோஸில் கண்ட்ரோல் விசையோடு ஜே விசையைத் தட்டுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் டவுன்லோட்ஸ் பட்டியல் வரும்.
2. கோப்பின் பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தைச் சொடுக்கினால் அது சேமிக்கப்பட்ட இடம் திறக்கும்.
3. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். அங்கே காட்டும் அளவை, இணையதளத்தில் குறிப்பிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ, ஷோ மெனுவுக்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் டிக் செய்துவிடுங்கள். பெயரின் கடைசியில் உள்ள பின்னொட்டு தெரியாமல் இந்த வேலையைச் செய்வது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

சில கேபி மட்டும் இறங்கியிருந்தால்

50 எம்பி வரவேண்டிய இடத்தில் 4 கேபி வந்திருக்கிறதா? அது ஜிப்பே அல்ல. கோப்பின் இணைப்பு (லிங்க்) காலாவதியாகியிருக்கும், அல்லது நீங்கள் லாகின் செய்யாமல் இருந்திருப்பீர்கள். சர்வர் கோப்புக்குப் பதிலாக ஒரு பிழைப் பக்கத்தை அனுப்ப, பிரவுசர் அதையே ஜிப் என்ற பெயரில் சேமித்துவிட்டது.

உறுதி செய்ய, அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான ஜிப் என்றால் முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'பி', 'கே' என்று இருக்கும். 1989-இல் இந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. அதற்குப் பதில் கோண அடைப்புக்குறியோடு ஹெச்டிஎம்எல் என்று தொடங்கினால், வந்திருப்பது வலைப்பக்கம்.

இங்கே பட்டியலில் உள்ள 'ரீட்ரை'யை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அது செத்துப்போன அதே இணைப்பைத்தான் தட்டும். தளத்துக்குத் திரும்பிப் போய், லாகின் செய்து, பக்கத்தை ரீலோட் செய்து, இணைப்பைப் புதிதாகச் சொடுக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இன்காக்னிட்டோ விண்டோவில் முயலுங்கள் (குரோம், எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என், ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி). நாமாக அனுமதி தராதவரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்த்த துணைச் செயலிகள்) இயங்காது, பழைய குக்கீகளும் (தளங்கள் விட்டுவைத்த குறிப்புகள்) இருக்காது. அங்கே இறங்கிவிட்டால், விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

பாதியில் நின்றிருந்தால்

முழுமையடையாத கோப்புக்கு ஒவ்வொரு பிரவுசரும் ஒரு தற்காலிகப் பின்னொட்டு வைக்கும். குரோமிலும் எட்ஜிலும் 'சிஆர்டவுன்லோட்', ஃபயர்ஃபாக்ஸில் 'பார்ட்', சஃபாரியில் 'டவுன்லோட்'. அந்தப் பின்னொட்டை அழித்துவிட்டு 'ஜிப்' என்று பெயர் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. ஜிப்பின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. வால் வந்து சேராத வரை, உள்ளே என்ன இருக்கிறது என்றே திறக்கும் செயலிக்குத் தெரியாது.

பட்டியலில் 'ரெஸ்யூம்' அழுத்துங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வது சர்வர் இடம்கொடுத்தால்தான் நடக்கும். இல்லையேல் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. பெரிய கோப்பு என்றால் கணினி ஸ்லீப்புக்குப் போகாமல் அமைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

4 ஜிபியை நெருங்கும்போது மட்டும் நிற்கிறதா? நீங்கள் சேமிக்கும் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கலாம். அதில் 4 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பு வைக்கவே முடியாது. முதலில் கணினிக்குள் இறக்குங்கள், அல்லது பென்டிரைவில் உள்ளதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள். டிஸ்க்கில் காலியிடமும் ஜிப்பின் அளவுக்கு மட்டும் இருந்தால் போதாது. பிரித்தெடுத்தபின் வரும் கோப்புகளுக்கும் சேர்த்து வேண்டும்.

பிரவுசரே தடுத்தால்

பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தில் இருந்துகொண்டு, கோப்பு மட்டும் பாதுகாப்பில்லாத பழைய ஹெச்டிடிபி முகவரியிலிருந்து வந்தால் குரோம் அதை நிறுத்திவைக்கும். வழியில் யாராவது கோப்பை மாற்றியிருக்கலாம் என்பதே காரணம். அதே இணைப்பு ஹெச்டிடிபிஎஸ்ஸில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சமயம் ஒரு 'எஸ்' சேர்த்தாலே போதும். எச்சரிக்கையைத் தாண்டி 'கீப்' கொடுக்கலாம்தான். ஆனால் அனுப்பியவரை நன்கு தெரிந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். 'வைரஸ் டிடெக்டட்' என்று வந்தால், ஒரு ஜிப்புக்காக ஆன்டிவைரஸை அணைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மேக்கில் ஜிப்பே காணவில்லையா?

சஃபாரி ஜிப்பைத் தானாகவே பிரித்து ஃபோல்டராக வைத்துவிடும். ஜிப்பாகவே வேண்டும் என்றால் சஃபாரி மெனு, செட்டிங்ஸ், ஜெனரல் வழியாகப் போய், 'ஓப்பன் சேஃப் ஃபைல்ஸ் ஆஃப்டர் டவுன்லோடிங்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஜிப்பைத் திறந்தால் 'சிபிஜிஸட்' கோப்பு, அதைத் திறந்தால் மறுபடி ஜிப் என்று செக்குமாடு போல் சுற்றினால், பெரும்பாலும் கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கிறது.

அளவு சரி, ஆனாலும் திறக்கவில்லை

இனி பிரவுசரைக் குறை சொல்லாதீர்கள்.

பின்னொட்டு 'ஆர்ஏஆர்' அல்லது '7ஸட்' என்றால் அது ஜிப் போன்ற வேறொரு சுருக்க வடிவம், பழைய விண்டோஸால் திறக்க முடியாது. இலவசமான 7-ஜிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து நிறுவுங்கள். பெயரில் பார்ட்1, பார்ட்2 என்றோ 001, 002 என்றோ இருந்தால், எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் பெயர் மாறாமல் இருக்கவேண்டும். திறக்கவேண்டியது முதல் துண்டை மட்டும். ஒரே கோப்பை இருமுறை இறக்கியிருந்தால் பெயரோடு '(1)' ஒட்டிக்கொள்ளும், அதுவும் இந்த வரிசையைக் கெடுத்துவிடும். சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் விண்டோஸ் பிழை காட்டினால், கோப்பைப் பூட்டியது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையாக இருக்கலாம். அதையும் 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். 'பாத் டூ லாங்' (கோப்பின் முழு முகவரி மிக நீளம்) என்றால் கோப்பைச் சி டிரைவுக்குள் சின்னப் பெயருள்ள ஃபோல்டருக்கு நகர்த்திப் பிரித்தெடுங்கள். 260 எழுத்து வரம்பைத் தாண்டியதுதான் சிக்கல்.

ஜிப் போன்ற இன்னொரு சுருக்க வடிவமான 'டார்.ஜிஸட்' கோப்பில் ஒரு விநோதம் உண்டு. சர்வர் அமைப்பு தவறாக இருந்தால் பிரவுசர் வழியிலேயே ஜிஸட் சுருக்கத்தை அவிழ்த்துவிடும், பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடும். 'இது ஜிஜிப் அல்ல' என்று செயலி அடம்பிடித்தால், பெயரிலிருந்து 'ஜிஸட்'டை நீக்கிவிட்டு 'டார்' என்று திறந்து பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லை, தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்றது) கொடுத்திருக்கிறார்கள் என்றால், 7-ஜிப் நிறுவிய கணினியில் கோப்பின் ரைட் கிளிக் மெனுவில் 'சிஆர்சி எஸ்ஹெச்ஏ' பகுதிக்குப் போய் எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அது 64 எழுத்து நீளம். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பு அந்தக் கோப்பு அல்ல. அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.