ஹிஸ்டமின் குறைந்த சமையல்: நம் அடுப்படியில் எங்கிருந்து தொடங்குவது?

மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து சூடாகிறது. இன்னொரு நாள் அதே மீன் ஒன்றும் செய்வதில்லை. தலைவலி, மூக்கடைப்பு, உடம்பெங்கும் காணாக்கடி, வயிற்று உப்புசம், படபடப்பு என்று தொல்லை மாறி மாறி வருகிறது. அலர்ஜிப் பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை. இப்படி அலைந்து களைத்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் சொல்தான் ஹிஸ்டமின். உடனே இணையத்திலிருந்து தவிர்க்க வேண்டிய உணவுப் பட்டியல் ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சமையலறைக்காக எழுதப்பட்டவை. முதிர்ந்த சீஸ், சிவப்பு ஒயின், பதப்படுத்திய பன்றி இறைச்சி, புளிக்கவைத்த முட்டைகோஸ். நம்மில் எத்தனை பேர் தினமும் இவற்றைச் சாப்பிடுகிறோம்? பட்டியலை ஒட்டிய அந்தக் கதவுக்குப் பின்னால் முந்தாநாள் மீன்குழம்பும், ஐந்தாம் நாள் இட்லி மாவும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

ஹிஸ்டமின் விஷமல்ல. நம் உடலே தயாரிக்கும் வேதிப்பொருள் அது. இரைப்பையில் அமிலம் சுரப்பதற்கும் அது வேண்டும். உணவின் வழியே வருவதைச் சிறுகுடலில் உள்ள டைஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி (சுருக்கமாக டிஏஓ) உடைத்துவிடுகிறது. நொதி குறைவாக இருந்தாலோ, அதன் சக்திக்கு மீறி ஹிஸ்டமின் உள்ளே வந்தாலோ மிச்சம் இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் ஒரே உணவு ஒரு நாள் ஒத்துக்கொள்கிறது, மறுநாள் ஒத்துக்கொள்வதில்லை. அன்றைய மொத்த வரவுதான் கணக்கு.

படி 1: சமையலை மாற்றும் முன் மருத்துவர்

ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாமையை ஒரே சோதனையில் உறுதி செய்ய வழியில்லை. இரத்தத்தில் டிஏஓ அளவைப் பார்க்கும் சோதனையை ஆய்வகங்கள் விற்கின்றன. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆகவே மருத்துவரிடம் போவது மற்ற காரணங்களை விலக்குவதற்காக. உண்மையான உணவு அலர்ஜி, நாள்பட்ட காணாக்கடி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், பால் சர்க்கரை செரிக்காமை, அரிதாக மாஸ்ட் செல்கள் (ஹிஸ்டமினைச் சேமித்து வைக்கும் நோயெதிர்ப்பு செல்கள்) பெருகும் நோய் ஆகிய எல்லாமே இதே முகத்துடன் வரும். உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி விழுவது ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

போகும்போது நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சில மருந்துகள் டிஏஓ நொதியைத் தடுக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கான வெராபமில், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, சில ஆன்டிபயாடிக்குகளுடன் சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம் ஆகியவை அந்த வரிசையில் சொல்லப்படுகின்றன. நம் ஊரில் முக்கியமானது காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட். அதைச் சாப்பிடுகிறவர்கள் சூரை போன்ற மீன்களைத் தின்றதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அங்கே நிறுத்த வேண்டியது மீனை. மாத்திரையை ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது.

படி 2: ஒரு வாரக் குறிப்பு

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு அது எப்போது சமைத்தது என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான். "மதியம் சாம்பார்" என்று எழுதினால் பயனில்லை. "மதியம் 1.30: நேற்றுக் காலை வைத்த தக்காளி சாம்பார், கத்தரிக்காய் பொரியல், கடைத் தயிர். 2.15: காது சூடு, மூக்கடைப்பு. இரவு தூக்கம் குறைவு" என்று எழுதினால் மருத்துவருக்கும் உங்களுக்கும் ஏதோ தெரியும். மாதவிலக்கு நாள், மது, மாத்திரை, தூக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: 10 முதல் 14 நாள் எளிய சாப்பாடு

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் அலர்ஜி மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று கட்டங்களைச் சொல்கிறது. முதல் கட்டம் 10 முதல் 14 நாள் குறைப்பு. அடுத்து ஆறு வாரம் வரை சோதித்துப் பார்ப்பது. பிறகு அவரவருக்கு ஏற்ற நிரந்தர முறை. முதல் கட்டத்தை மாதக்கணக்கில் இழுப்பது பத்தியமாகாது, பட்டினி.

மீனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆபத்து அதிகம் அங்கேதான். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் இறந்தபின் வெயிலில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்குகின்றன. ஒரு முறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அது அழிவதில்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இத்தகைய மீன்களுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய மீன் சில சமயம் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோலச் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். ஹிஸ்டமின் மிகுந்த மீன், நொதி சரியாக உள்ளவரையும் படுக்க வைக்கும். பலர் அதை மீன் அலர்ஜி என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனைக் கைவிட்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் மேற்சொன்ன மீன்களும் கருவாடும் வேண்டாம். மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் திலாப்பியா போன்ற வெள்ளைச் சதை மீனை உயிரோடு அல்லது பனிக்கட்டியில் புதைத்து விற்கும் இடத்தில் வாங்கி, அங்கேயே செவுளையும் குடலையும் எடுக்கச் சொல்லி, அன்றே சமைத்து அன்றே முடிக்கலாம். பனிக்கட்டி இல்லாத பலகையில் மதியம் வரை காத்திருக்கும் மீனிடம் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது மிச்சம். மீன், கோழி, ஆட்டிறைச்சி ஆகியவற்றின் குழம்பை அடுப்பு மேடையில் ஆறவிட்டு, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சூடாக்கும் பழக்கம் இந்த நாட்களில் ஆகாது. மிச்சம் வைத்தே ஆக வேண்டுமென்றால் சிறிய, தட்டையான டப்பாக்களில் பிரித்து, ஆறியவுடன் நேரே உறைபெட்டியில் வையுங்கள். உறைநிலை பாக்டீரியாவின் வேலையை நிறுத்தும். ஏற்கெனவே உருவானதை எடுக்காது. எடுத்தால் நேராகப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்குங்கள், மேடையில் வைத்து மெதுவாக உருக விடாதீர்கள். மின்சாரம் பல மணி நேரம் போன நாளில் உறைபெட்டிச் சரக்கை நம்ப வேண்டாம்.

புளித்தவை மூன்றாவது. பழைய சோறு, தயிர், புளித்த மோர், வினிகர் ஊறுகாய், சோயா சாஸ், சீஸ் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். இட்லி, தோசை என்றால் வீட்டில் சண்டை வரும் என்று தெரியும். மாவில் எந்த பாக்டீரியா பெருகுகிறது என்பது வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் இட்லி நல்லதா கெட்டதா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதல் கட்டத்தில் புளிக்காத இடியாப்பம், ஆப்பத்துக்குப் பதில் அரிசி ரொட்டி, புட்டு, ரவை உப்புமா, அடை மாவை அரைத்தவுடன் வார்த்த அடை என்று ஓட்டிவிடலாம்.

காய்களில் தக்காளி, கத்தரிக்காய், பாலக் கீரை ஆகிய மூன்றை நிறுத்தினால் போதும். புளிப்புக்கு மாங்காய் அல்லது கொஞ்சம் புளி போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, சாக்லேட் ஆகியவை உடலின் செல்களில் உள்ள ஹிஸ்டமினை இரத்தத்தில் கொட்ட வைக்கும் என்று பல பட்டியல்கள் சொல்கின்றன; ஆதாரம் மெலிது. 14 நாள்தானே, விட்டு வையுங்கள். மது மட்டும் விவாதத்துக்கு இடமில்லாதது, நொதியின் வேலையையும் அது கெடுக்கிறது.

பயப்பட வேண்டாம், தட்டு காலியாகாது. புதிதாக வடித்த சோறு, பாசிப்பருப்புக் கூட்டு, நெய், சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், கேரட், அன்று வாங்கிய முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, அன்று வெட்டிய கோழி, பால், வீட்டில் திரித்த பன்னீர், கொய்யா, ஆப்பிள். சமைக்கும்போது பொரிப்பதையும் சுடுவதையும் குறைத்து, வேகவைப்பதைக் கூட்டுங்கள்.

படி 4: ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருதல்

பதினான்கு நாளில் எந்த மாற்றமும் இல்லையென்றால் காரணம் ஹிஸ்டமின் இல்லை என்றே எடுத்துக்கொண்டு பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். இன்னும் கடுமையான பட்டியலைத் தேடிப் போவது உடம்பையும் பையையும் உருக்கும்.

மாற்றம் தெரிந்தால் ஒரு நேரத்தில் ஒரு பொருள். முதல் நாள் அரைத் தக்காளி, பிரச்சினை இல்லையென்றால் மறுநாள் இரண்டு. அடுத்த பொருளுக்கு முன் ஒரு நாள் இடைவெளி. அடுத்து முதல் நாள் மாவில் இட்லி. அது சரியென்றால் மூன்றாம் நாள் மாவில் தோசை. பிறகு வீட்டுத் தயிர், உறைந்த அன்றே. தக்காளியையும் மத்தி மீனையும் ஒரே நாளில் சோதித்தால் எது குற்றவாளி என்று தெரியாது. இந்தக் கட்டத்தில் தினமும் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் முடிவு மறைந்துபோகும். அதைப் பற்றி முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான அலர்ஜி என்று சொல்லப்பட்ட பொருளை மட்டும் வீட்டில் சோதிக்கக் கூடாது.

படி 5: மாத்திரைகள், கடைசியாக

சாப்பாட்டுக்கு முன் மாத்திரைக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டிஏஓ நொதியே காப்ஸ்யூலாகக் கிடைக்கிறது. உணவுக்குச் சற்று முன் விழுங்க வேண்டும். உணவில் உள்ள ஹிஸ்டமினைக் குடலில் உடைக்க மட்டுமே உதவும், உடலுக்குள் மாஸ்ட் செல்கள் கொட்டுவதை அது தொடாது. சிறிய ஆய்வுகளில் சிலருக்குப் பலன் தெரிந்திருக்கிறது. பலவற்றில் அந்த நொதி பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவர்களும் பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். முளைவிட்ட பட்டாணியிலிருந்து தயாரித்தவையும் உண்டு.

வைட்டமின் சி இரத்த ஹிஸ்டமினைக் குறைத்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஒரு கொய்யா அன்றைய தேவைக்கு மேலாகவே தந்துவிடும். மாத்திரையாக எடுத்தால் பெரியவர்களுக்கு அமெரிக்க உச்ச வரம்பு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். டிஏஓ நொதிக்குத் தாமிரம் தேவை என்பது உண்மை. அதற்காகத் தாமிர மாத்திரை தேவையில்லை. எள்ளும் கொண்டைக்கடலையும் போதும். டிஏஓ நொதிக்கு உதவும் என்று சொல்லப்படும் வைட்டமின் பி6 விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மருந்துக் கடையில் யாரும் கேட்காமலே தரும் நரம்பு மாத்திரைகளில் அது நிறைய இருக்கிறது, அளவு மீறி நெடுநாள் எடுத்தால் அதுவே கை கால் மரத்துப்போகச் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இதன் உச்ச வரம்பை நாளொன்றுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. க்வெர்செட்டின் என்ற தாவரப் பொருள் சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்கிறது, மனிதரில் சான்று போதாது. வெங்காயத்தில் இருக்கிறது, சாப்பிடுங்கள்.

புரோபயாட்டிக் (நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய மாத்திரை) வாங்கும்போது லேபிளில் பாக்டீரியாவின் பெயரைப் பாருங்கள். லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி வகையில் சில ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றும் திறன் கொண்டவை. எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்கி, இரண்டு வாரம் நோட்டில் குறித்து, மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகள் இதில் எதையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நஞ்சுக்கொடி டிஏஓ நொதியை ஏராளமாகச் சுரப்பதால் அந்த மாதங்களில் சிலருக்குத் தொல்லை தானாகவே குறைந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் திரும்பினால் மீண்டும் இரண்டாம் படியிலிருந்து, நோட்டோடு தொடங்கலாம்.