எஸ்டேட் சேலில் பழைய டோஸ்டரும் மிக்சரும்: முதன்முறை வாங்குவோருக்கு

'எஸ்டேட்' என்றதும் நம் காதுக்குத் தேயிலைத் தோட்டம்தான் கேட்கிறது. அமெரிக்காவில் அதற்கு ஒருவர் விட்டுச்சென்ற உடைமை என்று பொருள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டாலோ, முதியோர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தாலோ, வீட்டை இரண்டு மூன்று நாள் திறந்துவைத்து, கரண்டி முதல் கட்டில் வரை விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். அதுதான் எஸ்டேட் சேல்.

நான் ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துப் பக்கம் இருக்கிறேன். முதல் முறை வாங்கிவந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டார்: "செத்தவர் வீட்டுச் சாமானா?" நம் வீட்டுப் பித்தளை அண்டா யாருடையது என்று திருப்பிக் கேட்டேன். கொள்ளுப்பாட்டியினுடையது. அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

1. போவதற்கு முன்

விற்பனையை நடத்தும் நிறுவனங்கள் சில நாள் முன்பே படங்களை இணையத்தில் போட்டுவிடும். வரவேற்பறைச் சரவிளக்கைத் தாண்டி, சமையலறை மேடையையும் நிலவறை அலமாரியையும் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றாடம் புழங்கிய சாதனம் மேடையில் இருக்கும். கல்யாணப் பரிசாக வந்து பெட்டி பிரிக்காமலே கிடந்தது நிலவறையில் இருக்கும். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். ஓடிக்கொண்டே இருந்த மோட்டார், ஐம்பது வருடம் தூங்கியதைவிட நம்பகமானது.

பையில் இவை இருக்கட்டும்: டார்ச், மின் இணைப்பைச் சோதிக்கும் மலிவான மல்டிமீட்டர், சில்லறையாகப் பணம், இரண்டு துண்டு ரொட்டி. ரொட்டி பசிக்கு அல்ல, டோஸ்டரைச் சோதிக்க.

2. வாசலில்

நல்ல விற்பனை என்றால் காலையிலேயே வரிசை எண் கொடுப்பார்கள். முதல் நாள் பேரம் பெரும்பாலும் எடுபடாது. கடைசி நாள் பாதி விலைக்கு இறங்குவது வழக்கம். ஆனால் நீங்கள் கண் வைத்ததை அதுவரை வேறு யாரும் தூக்கிப்போகாமல் இருக்க வேண்டும். என் கணக்கு எளிது: மிக்சர் (நம் ஊர் மிக்ஸி அல்ல, மாவு பிசையும் இயந்திரம்) என்றால் முதல் நாள், மற்றதெல்லாம் கடைசி நாள். பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டபின் யோசியுங்கள். கீழே வைத்துவிட்டு யோசித்தால் அது உங்களுடையது அல்ல.

3. பளபளப்பை விடுங்கள், ஒயரைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குரோமியப் பூச்சில் முகம் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பத்தைச் சுடும் சாதனம் ஒன்றை வாங்கி, வீட்டில் பிளக்கைச் செருகியதும் நீலப்பொறி பறந்து, அரை வீடு இருட்டானது. துணி சுற்றிய அதன் ஒயருக்குள் ரப்பர் அப்பளமாக நொறுங்கியிருந்தது.

ஒயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, பிசுபிசுப்பு, செம்பு தெரிவது, பிளக் அருகே கறுப்பு எதுவாக இருந்தாலும் அதைச் செருகக்கூடாது. சூடாகும் சாதனங்களின் பழைய துணி ஒயர்கள் சிலவற்றில் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். பிசிறு பிசிறாக வெண்பஞ்சு தெரிந்தால் பிய்க்காதீர்கள், வெட்டாதீர்கள். அந்தச் சாதனத்தை அங்கேயே விட்டுவிடுவதே மேல்.

அடுத்து மல்டிமீட்டர். இந்தப் பழைய சாதனங்கள் பெரும்பாலும் இரு கால் பிளக் கொண்டவை. உலோக உடலுக்கு எர்த் இணைப்பு கிடையாது. உள்ளே மின்கசிவு இருந்தால் அது தெரியவருவது உங்கள் கை பட்டபோதுதான். ஆகவே பிளக்கைச் செருகும் முன், மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் காலிலும் மறுமுனையைப் பூச்சில்லாத உலோகத்திலும் வையுங்கள். சாதனத்தின் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும். இரண்டு கால்களையும் இப்படிப் பார்க்க வேண்டும். மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டினால் நல்லது. ஏதாவது எண் வந்தால் வேண்டாம்.

4. முதலில் எதை வாங்கலாம்?

என் பரிந்துரை இரண்டே இரண்டு.

ஒன்று, கிச்சன்எய்ட் மிக்சர், அதிலும் ஹோபார்ட் காலத்தது. டேட்டனுக்கு வடக்கே டிராய் என்ற ஊரில் இருந்த ஹோபார்ட் நிறுவனம்தான் 1919-இல் இந்தப் பெயரில் முதல் மிக்சரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1937-இல் எக்மான்ட் ஏரன்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த மாடல் கே-யின் வழி வந்தது. 1986-இல் கிச்சன்எய்ட் வேர்ல்பூல் நிறுவனத்தின் கைக்குப் போனது. எனவே பெயர்த்தகட்டில் ஹோபார்ட் என்றும் டிராய், ஓஹியோ என்றும் இருந்தால் நெஞ்சு சற்றுப் படபடக்கலாம். முகத்தில் மட்டும் காட்டாதீர்கள், விற்பவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைப்பகுதியைத் தூக்கி இறக்குங்கள்; கீல் ஆடக்கூடாது. பிளக்கைச் செருகி ஒவ்வொரு வேகமாக மேலே கொண்டுபோங்கள். சத்தம் சீராக உயர வேண்டும். கரகரத்தால் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். கிண்ணத்துக்கு மேலே எண்ணெய் கசிந்திருந்தால் பயப்படாதீர்கள். நெடுநாள் ஓடாத இயந்திரத்தில் கிரீஸ் பிரிந்து எண்ணெய் இறங்கும். சில நிமிடம் ஓடவிட்டால் பல நேரம் நின்றுவிடும். நிற்காவிட்டால் பழைய கிரீஸை வழித்துவிட்டு உணவுத்தரக் கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு திருப்புளி, ஒரு சிறு சுத்தி, ஒரு மதியம் போதும். முன்முகத்தில் இருக்கும் துணைக்கருவித் துளை அன்று முதல் மாறவில்லை என்பதால், இன்று கடையில் வாங்கும் துணைக்கருவியும் அதில் பொருந்தும்.

சப்பாத்தி மாவு பிசைய இதற்கு ஈடில்லை. ஆனால் இட்லிக்கு அரைக்கலாமா என்று கேட்காதீர்கள். இதற்கான மாவு அரைக்கும் துணைக்கருவி உலர்ந்த தானியத்துக்கு மட்டும். ஊறவைத்த அரிசியைப் போட்டால் பசையாகி அடைத்துக்கொள்ளும். கிரைண்டர் கிரைண்டர்தான்.

இரண்டாவது, சன்பீம் டி-20 (T-20) டோஸ்டர். 1949-இல் வந்தது. இதில் அழுத்தும் பிடியே கிடையாது. ரொட்டியை மேலே வைத்தால் அதுவே மெல்ல உள்ளே இறங்கும், வெந்ததும் துள்ளாமல் மெல்ல மேலே வரும். உள்ளே மோட்டார் இல்லை. ரொட்டியின் எடை ஒரு சிறு நெம்புகோலை அழுத்த, சுவிட்ச் மூடிக்கொள்கிறது. சூடாகும் கம்பி நீள்கிறது. மயிரிழை அளவு நீட்சியை நெம்புகோல்கள் பெருக்கி, ரொட்டி நிற்கும் தட்டினை இறங்கவிடுகின்றன. ரொட்டியிலிருந்து வரும் வெப்பத்தை சூட்டில் வளையும் ஓர் ஈருலோகப் பட்டை உணர்ந்து, போதுமானதும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. கம்பி ஆறிச் சுருங்க, தட்டு எழுகிறது. நேரத்தை எண்ணாமல் ரொட்டியைப் பார்க்கும் டோஸ்டர் என்பேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததானாலும் அதே நிறம்தான் வரும்.

இங்கேதான் அந்த ரொட்டித் துண்டு வேலைக்கு வருகிறது. ஒரு துண்டு மட்டும் சுடுவதற்கென்று ஒரு பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் வைத்தால்தான் நெம்புகோல் அழுந்தும். தெரியாமல் மறுபக்கத்தில் வைத்துவிட்டு, ஓடவில்லை என்று திருப்பி வைத்துப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வைத்துப்போன ஒன்றுதான் இன்று என் வீட்டில் இருக்கிறது, பதினெட்டு டாலர்.

5. வீட்டுக்கு வந்ததும்

உடனே செருகாதீர்கள். டோஸ்டரைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்து, அடித்தகட்டைத் திறந்து தட்டுங்கள். என்னுடையதிலிருந்து ஒரு பிடி கரித்தூளும், மிளகு போல் இறுகிய ஓர் உலர்திராட்சையும் விழுந்தன. அந்த வீட்டில் காலைகளில் திராட்சை ரொட்டி சாப்பிட்டிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே போகக்கூடாது. மென்மையான தூரிகை போதும். வெளிப்புறக் குரோமியத்துக்கு ஈரத்துணியும் சமையல் சோடாவும். எஃகு நார் வேண்டவே வேண்டாம்.

தட்டு இறங்காமல் அடம்பிடித்தால் அடியில் ஒரு சரிசெய்யும் திருகு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் திருகு இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கால் சுற்றுத் திருப்பி, ரொட்டி வைத்துப் பார்த்து, மறுபடி பிளக்கைப் பிடுங்கி அடுத்த கால் சுற்று. ஒரேயடியாகத் திருப்புகிறவர்கள் பிறகு கடை தேடி அலைவார்கள்.

முதல் சூட்டை வாசலில் வைத்துச் செய்யுங்கள். பழைய தூசி கருகிப் புகையும். சமையலறையில் செய்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். உபயோகித்ததும் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்குங்கள். சிக்கிய ரொட்டியைக் கத்தியால் குத்தும் கை அதற்கும் முன்பே பிளக்குக்குப் போக வேண்டும்.

மிக்சரோடு வரும் பூச்சில்லாத அலுமினியத் துடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போனால் சாம்பல் பூத்து மாவில் ஒட்டும். கையால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

வார்ப்பிரும்புச் சட்டி கிடைத்தால் தோசைக்கு அற்புதம். ஆனால் சிலர் அதில் ஈயம் உருக்கியிருப்பார்கள். வாங்கியதும் ஈயச் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பாருங்கள். பழைய பிரஷர் குக்கருக்கு அதே மாடலுக்கான கேஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் கிடைக்குமா என்று அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். காபி பெர்கோலேட்டர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், அழகாகவும் இருக்கும். இறங்கிய காபியையே திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டுத் தூளின் மேல் ஊற்றும் அதைப் பார்த்தால் என் பாட்டி டிகாஷன் பாத்திரத்தை மறைத்துவைத்திருப்பார். நான் வாங்கவில்லை.

ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: இவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டோஸ்டரின் கம்பி ஏறக்குறைய நான்கு மடங்கு மின்திறனை இழுத்துக் கண்முன்னே அறுந்துபோகும். வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. டோஸ்டருக்குப் போதுமான அளவில் வாங்கினால் அது டோஸ்டரைவிடக் கனம். அம்மாவுக்கு ரொட்டி இறங்குவதை வீடியோவில் காட்டினேன். "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்று கேட்டார்.