கிளட்ச் வழுக்கியது, குற்றம் ஆயிலில்

ஒரு வாரம் பாடாய்ப் படுத்திய பைக் ஒருவழியாகச் சரியானது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் இரையும், வண்டி வேகம் பிடிக்காது. சமதளத்தில் ஒரு குறையும் தெரியாது.

கேபிளைத் தளர்த்திப் பார்த்தேன், பலனில்லை. தக்கலையில் கிளட்ச் பிளேட் மாற்றினேன். வடித்த ஆயிலை, புதுசுதானே என்று திருப்பி ஊற்றச் சொன்னது நான்தான். மூன்றாம் நாள் அதே கதை.

அப்புறம்தான் ஷெட்டில் கிடந்த காலி டப்பா கண்ணில் பட்டது. ஆயில் மாற்றாமல் 7,000 கிலோமீட்டர் இழுத்தடித்துவிட்டு, அண்ணன் காருக்கு வாங்கியதில் மிச்சத்தை ஊற்றியிருந்தேன். ஆயில் ஆயில்தானே! ஆனால் பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் பிளேட்டையும் வழுக்கவிடும். பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்றிருக்கும்; ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜப்பானியத் தரக்குறி அது. 'எம்பி' என்றால் கியரில்லாத ஸ்கூட்டருக்கு.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்து, எம்ஏ2 ஊற்றி 100 கிலோமீட்டர் ஓட்டினேன். அதையும் வடித்து, ஃபில்டர் மாற்றி, மறுபடி புதுசு. நேற்று பின்சீட்டில் ரப்பர் ஷீட் கட்டோடு அதே ஏற்றம். மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டது.