காது மெசின் வேண்டப் போறீங்களோ, முதல் காது ரெஸ்ற் பேப்பரை எடுங்கோ

எங்கட அம்மம்மாவுக்கு 3 வருசத்துக்கு முதல் ஃபேஸ்புக்கில விளம்பரம் பாத்து ஒரு காது மெசின் எடுத்துக் குடுத்தனாங்கள். 2 நாள் போட்டா, மூண்டாம் நாள் கழட்டி வெத்திலைத் தட்டத்துக்க வச்சிட்டு "உது கீ எண்டு கத்துது, கோப்பை வைக்கிற சத்தம் மண்டைக்க இடிக்குது, நீ கதைக்கிறது மட்டும் விளங்குதில்லை" எண்டா. அது உண்மையில ஹியரிங் எயிட்டே இல்லை, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக் கூட்டிவிடுற சாமான். காசு போனதை விட, அதுக்குப் பிறகு ஒரு வருசமா "எனக்கு மெசின் சரிவராது" எண்டு அவ ஒண்டையும் தொடாமல் இருந்ததுதான் எனக்கு இண்டைக்கும் மனவருத்தம். அதாலதான் இதை எழுதுறன்.

முதல் ஈஎன்ரி, அதான் காது மூக்கு தொண்டை டொக்டர். யாழ் போதனா வைத்தியசாலையில கிளினிக் இருக்கு, பிரைவேட்டிலயும் காட்டலாம், ஆனா காட்டாமல் மெசின் கடைக்குப் போகாதேங்கோ. சிலருக்குக் குடும்பிதான் அடைச்சிருக்கும், எடுத்துவிட்டாலே கேக்கும். காதால சீழ், ரத்தம் வந்தா, ஒரு பக்கம் மட்டும் கேளாமல் போனா, தலைச்சுற்று இருந்தா மெசினுக்கு முதல் வைத்தியம் வேணும். நேற்றுவரைக்கும் கேட்ட காது இண்டைக்குத் திடீரெண்டு கேக்கேல்லை எண்டா அண்டைக்கே ஓடுங்கோ, அதுக்கு மருந்து கெதியாத் தொடங்கினாத்தான் பலன்.

பிறகு சத்தம் வராத அறைக்க இருத்தி ஹெட்போன் போட்டு ரெஸ்ற் செய்வினம். அதில வாற பேப்பர்தான் ஓடியோகிராம். அதை வடிவாப் பாருங்கோ. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் புள்ளடி இடது காது. இடப்பக்கம் தடிச்ச சத்தம், வலப்பக்கம் போகப் போக மெல்லிய கீச்சுச் சத்தம், 250இல இருந்து 8000 ஹேர்ட்ஸ் வரைக்கும். அந்தக் குறியளைச் சேக்கிற கோடு 20, 25 டெசிபலுக்குள்ள (சத்தத்தின்ர அளவு) நிண்டா பிரச்சினை இல்லை, கீழ இறங்க இறங்கக் காது கேக்கிறது குறையுது, 60ஐத் தாண்டினா கடுமை. அம்மம்மாவின்ர கோடு இடப்பக்கம் ஓரளவு நல்லா நிண்டு வலப்பக்கம் கிணத்துக்க விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. அதுதான் "சாந்தி வந்தவ" எண்டு சொன்னா "காந்தியோ" எண்டு கேக்கிறவ, சத்தம் கேக்குது, ச எது க எது எண்டு பிரியுதில்லை. இப்பிடியான காதுக்கு எல்லாத்தையும் ஒரேமாதிரிக் கூட்டினா என்னண்டு சரிவரும்? அந்தக் கோட்டைப் பாத்து கொம்பியூற்றரில மெசினை செற் பண்ண வேணும். பேப்பரைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ, போனில படமும் எடுத்து வையுங்கோ.

இனிச் சட்டம். 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்தை மட்டுமில்லை, மருத்துவ உபகரணங்களையும் பாக்குது, நாட்டுக்க கொண்டுவந்து விக்கிறதெண்டா அங்க பதிஞ்சிருக்க வேணும். அதால "இந்த மொடலின்ர பதிவு இலக்கம் என்ன, இறக்குமதி செய்தது ஆர்" எண்டு கடையில தயங்காமல் கேளுங்கோ. ஆனா நான் ஏறி இறங்கின கடையளில ஒருத்தரும் டொக்டரின்ர துண்டைக் கேக்கேல்லை, அதால அந்தக் கவனம் எங்கட பக்கத்தில இருக்க வேணும்.

கனடாவில சித்தப்பா அனுப்புறன் எண்டு சொன்னவர், கன வீட்டில இதுதான் கதை. ஒன்ராரியோவில 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹியரிங் எயிட்டைப் பரிந்துரைக்கிறதே கட்டுப்படுத்தின வேலை, உரிமை உள்ள ஆள்தான் செய்யலாம், அரசாங்க உதவித் திட்டம் ஒரு மெசினுக்கு 75 வீதம், கூடினது 500 டொலர் வரைக்கும் குடுக்குது. அதெல்லாம் அங்க இருக்கிற ஆளின்ர காதுக்கு. அவரின்ர பழைய மெசின் அவரின்ர கோட்டுக்கு செற் பண்ணினது, அப்பிடியே அம்மம்மாவின்ர காதில வச்சா மிச்சம் இருக்கிற கேக்கிற சக்தியும் பழுதாகலாம். அமெரிக்காவில 2022 ஒக்டோபர் 17இல இருந்து துண்டில்லாமலும் கடையில வேண்டலாம், ஆனா அது 18 வயசுக்கு மேல, லேசான அல்லது நடுத்தரக் குறை உள்ளவைக்கு மட்டும். பிள்ளையளுக்கு உப்பிடித் துண்டில்லாமல் ஒருநாளும் எடுப்பிக்காதேங்கோ. வெளிநாட்டில இருந்து வாறதெண்டா, அந்த மொடலை இஞ்ச செற் பண்ண ஆள் இருக்கோ, வொறன்ரி இஞ்ச செல்லுமோ எண்டு முதலே கேட்டு முடிச்சிடுங்கோ. சில மெசினின்ர செற்றிங், வித்த கடைக்கு மட்டும் திறக்கிற மாதிரிப் பூட்டி இருக்கும், அதையும் கேளுங்கோ.

கடையில போட்டுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் கேக்கும், அங்க சத்தமே இல்லையே. வீட்ட கொண்டுபோய் குசினியில, கோயிலில, திருநெல்வேலிச் சந்தையில போட்டுப் பாக்க சில நாள் தருவினமோ, திருப்பிக் குடுத்தா காசு வருமோ எண்டு எழுத்தில வேண்டுங்கோ. கீ எண்டு கத்தினா கனதரம் காதுக்க வைக்கிற மோல்ட் இறுக்கமா இல்லை, அளவெடுத்துச் செய்விக்கலாம். காசு கஷ்டமெண்டா பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்க் கேளுங்கோ, ஓடியோகிராமையும் கொண்டு போங்கோ.

வேண்டினாப் பிறகு எங்கட வெக்கைக்கும் வியர்வைக்கும் இரவில பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா பக்கற் போட்ட டப்பிக்க வையுங்கோ. பற்றரியின்ர ஸ்ரிக்கரை உரிச்ச உடன போடாமல் ரெண்டு மூண்டு நிமிசம் காத்துப் படவிட்டுப் போட்டா நல்லா வேலை செய்யும்.

பில் கட்டாயம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நீங்கள் கேட்டா வியாபாரி தரத்தான் வேணும். மொடல், சீரியல் இலக்கம், வொறன்ரிக் காலம் மூண்டும் அதில எழுதுவியுங்கோ. ஏமாத்திப்போட்டினம் எண்டா அந்த அதிகாரசபையின்ர 1977 எண்ட போன் இலக்கத்துக்கு அடிக்கலாம், ஆனா வேண்டி 3 மாசத்துக்குள்ள அவைக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, பில் கொப்பியும் ஓடியோகிராம் கொப்பியும் சேத்து.