எஃப்.சி.எஸ். இருக்கறவங்களுக்கு வீட்ல சமைக்கறது எப்படி

என் தம்பிக்கு ரத்தம் எடுத்தப்ப ட்யூப்ல மேல பாலாடை மாதிரி வெள்ளையா நின்னுச்சு, லேப்ல சாம்பிள் சரியில்ல வெறும் வயித்துல வாங்கன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. 150-க்குள்ள இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல இருக்கற கொழுப்பு, அவனுக்கு 2,000-த்துக்கு மேல. கணையம் வீங்கி அட்மிட் ஆகி, ஜீன் டெஸ்ட் வரைக்கும் போய் தான் ஃபேமிலியல் கைலோமைக்ரானீமியா சிண்ட்ரோம், சுருக்கமா எஃப்.சி.எஸ்.னு தெரிஞ்சுது. பத்து லட்சம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்ற வியாதி.

நாம சாப்பிடற கொழுப்ப குடல் குட்டி குட்டி பொட்டலமா கட்டி ரத்தத்துல அனுப்பும், அந்த பொட்டலத்த பிரிக்கற என்சைம் தான் இவங்களுக்கு வேல செய்யாது, அதனால பிரிக்காத பொட்டலமா ரத்தத்துல தேங்கிடும். அதான் இங்க நல்ல கொழுப்பு கெட்ட கொழுப்புன்னு ஒண்ணும் கெடையாது, நல்லெண்ணெயும் நெய்யும் பாதாமும் ஒரே கணக்கு தான். (பாதாம் ஊற வச்சு குடு கொலஸ்ட்ரால் கொறையும்னு சொல்ற அத்தைங்க எல்லார் வீட்லயும் இருப்பாங்க, தலையாட்டிட்டு விட்ருங்க.) மீன் எண்ணெய் மாத்திரையும் கொழுப்பு தான், நீங்களா வாங்கி குடுக்காதீங்க.

பொதுவா ஒரு நாளைக்கு கொழுப்பு மொத்தமா 15-லேர்ந்து 20 கிராம் தான், குழந்தைங்களுக்கு அளவு வேற, அத டாக்டரும் டயட்டீஷியனும் தான் சொல்லணும். ஒரு டீஸ்பூன் எண்ணெய்லயே நாலரை கிராம் போயிடும். ஒரு முட்டைல 5 கிராம், அது பூரா மஞ்சள் கருல, வெள்ளைய தாராளமா குடுக்கலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் வச்சா கிட்டத்தட்ட 14 கிராம் கொழுப்பு, அன்னிக்கு கணக்கே முடிஞ்சுது. பால் டோன்டுல 3 சதவீதம், ஸ்கிம்டு பால்ல அரை சதவீதம் தான், அதுலயே தயிர் தோச்சுடுங்க.

நம்ம ஊரு சாப்பாட்டுல இட்லி ஒரு வரம், எண்ணெயே வேணாம். பொடிக்கு எண்ணெய்க்கு பதிலா கெட்டியா தயிர் போட்டு குழைச்சு பாருங்க, மொதல்ல மூஞ்ச சுளிச்சான், இப்ப அத தான் கேக்கறான். கடுகு வெறும் கடாய்லயே வெடிக்கும், அத அப்படியே சாம்பார்ல கொட்டுங்க. தேங்கா சட்னி வேணாம், தக்காளி வெங்காயத்த தண்ணி தெளிச்சு வதக்கி அரைங்க. அப்பளம் சுட்டு குடுங்க. ஆனா எண்ணெய் கொறைச்சாச்சுன்னு சர்க்கரை, ஜூஸ், மைதான்னு ஏத்திடாதீங்க, ஈரல் அதையும் ட்ரைகிளிசரைடா மாத்திடும். குடி சுத்தமா கூடாது.

எம்.சி.டி. எண்ணெய்னு (மீடியம் செயின் ட்ரைகிளிசரைடு, நடுத்தர நீள கொழுப்பு) ஒண்ணு எழுதி குடுப்பாங்க. அது பொட்டலம் கட்டாம நேரா ஈரலுக்கு போயிடும், அதனால அந்த 20 கிராம்ல சேராது. ஒரு ஸ்பூன்லேர்ந்து மெதுவா ஏத்தணும், இல்லன்னா வயிறு கடமுடன்னு பேதி ஆகும். பொரிக்க ஆகாது, பருப்ப எறக்கின அப்புறம் கலந்துக்கோங்க. தேங்காண்ணெயும் எம்.சி.டி. தானேன்னு யூடியூப்ல சொல்வாங்க, நம்பாதீங்க, அதுல பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் பொட்டலம் கட்டற பழைய வழியில தான் போகும், நமக்கு வேணுங்கற கேப்ரிலிக், கேப்ரிக் அமிலம் ரெண்டும் சேர்ந்தாலே 15 சதவீதம் பக்கம் தான். இன்னொண்ணு, எம்கேட் குறைபாடுன்னு வேற ஒரு கொழுப்பு வியாதி இருக்கு, அவங்களுக்கு எம்.சி.டி. குடுக்கவே கூடாது. பேரு ஒத்துப்போகுதேன்னு டப்பாவ மாத்தி குடுத்துடாதீங்க.

அதுக்காக கொழுப்ப ஜீரோ ஆக்கவும் கூடாது, லினோலீக் அமிலம்னு உடம்புக்கு தேவையான ஒரு கொழுப்ப உடம்பால பண்ண முடியாது, அதனால அளந்த சன்ஃப்ளவர் எண்ணெய் கொஞ்சம் அந்த கணக்குக்குள்ளயே வரணும். ஏ, டி, ஈ, கே வைட்டமின் செக் பண்ண சொல்லி கேளுங்க. பெண்களா இருந்தா ஈஸ்ட்ரோஜன் இருக்கற கர்ப்பத்தடை மாத்திர ட்ரைகிளிசரைட ஏத்தும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அமெரிக்கால 2024 டிசம்பர்ல ஒலெசார்சென்னு ஊசிக்கு அனுமதி குடுத்துருக்காங்க, அதுவும் டயட்டோட சேர்த்து தான்.

மேல் வயித்துல வலி வந்து முதுகு வரைக்கும் பாஞ்சா, வாந்தி வந்தா, ஓம வாட்டர் குடுத்துட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி. டியூட்டி டாக்டர்கிட்ட வியாதி பேர எழுதியே நீட்டுங்க, கணையத்துக்கான ரத்த டெஸ்ட்ல லைப்பேஸ் பாக்க சொல்லுங்க, ஏன்னா ட்ரைகிளிசரைடு எக்கச்சக்கமா இருக்கறப்ப அமைலேஸ் டெஸ்ட் நார்மல்னு பொய் சொல்லும்.