ஒன்ராறியோவில் முதல் வேலை: முகாமையாளரிடம் தொழில் இலக்கை எப்போது, எப்படிச் சொல்வது

ஊரில் நாம் வேலை பழகிய அலுவலகங்களில் மேலதிகாரியைச் "சேர்" என்று அழைத்து, கொடுத்ததைக் குறையின்றி முடித்து, நம்முடைய உயர்வை அவர் தாமாகவே பார்த்துக்கொள்வார் என்று காத்திருப்பதே மரியாதை. ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ வேலைக்குச் சேர்ந்தால், பெரும்பாலும் முதல் நாளே முகாமையாளர் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார். சில வாரங்களில், "வன் ஒன் வன்" என்று இங்கு சொல்லும் தனிச் சந்திப்பில், அடுத்த சில வருடங்களில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்றும் கேட்பார். "இந்த வேலை கிடைத்ததே போதும்" என்று நம்மவர்கள் மனதார நன்றியோடு சொல்லும் பதிலை இங்கே பணிவாக எடுத்துக்கொள்வதில்லை. இவருக்கு வேறு நாட்டம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

என் முதல் வேலையில் அதே பதிலைத்தான் நானும் சொன்னேன். ஊரில் ஆறு வருடம் கட்டுமானத் தளங்களில் நின்றவன், இங்கே ஒரு வருடத்துக்கு மேலாகக் குடிநீர்க் குழாய்களின் வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின் சேர்ந்த ஒருவரைத் தள மேற்பார்வைக்கு அனுப்பியபோது வருத்தத்தோடு காரணம் கேட்டேன். "அவர் கேட்டார், உங்களுக்கு வரைபட வேலை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்" என்றார் முகாமையாளர். அவர் மீது பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இதற்காகச் சேர்ந்த வாரமே பதவி உயர்வு பற்றிப் பேச வேண்டும் என்பதில்லை. ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்து தொடர்ந்து மூன்று மாதம் நிறைவு செய்யாத ஒருவரை முன்னறிவித்தல் இன்றியே வேலையிலிருந்து நிறுத்தலாம். பல நிறுவனங்களின் தகுதிகாண் காலமும் அதையொட்டி மூன்று மாதமாகவே இருக்கிறது. அந்த மாதங்களில் பேச்சு, எடுத்த வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். "மூன்றாம் மாத முடிவில் நான் எவற்றைச் செய்து முடித்திருந்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்?" என்ற ஒரு கேள்வியே முதல் மாதத்துக்குப் போதும். அதற்குக் கிடைக்கும் பதிலை எழுதி வைத்து, அதன்படி செய்து காட்டியவர் நான்காம் மாதத்தில் தன் இலக்கைச் சொல்லும்போது அது கேட்கப்படுகிறது.

உங்கள் நிறுவனத்தின் நிதியாண்டு எப்போது முடிகிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். கனடாவின் பெரிய வங்கிகளுக்கு அது ஒக்டோபர் 31, மத்திய, மாகாண அரசாங்க அலுவலகங்களுக்கு மார்ச் 31. வருட மதிப்பீடும், அடுத்த ஆண்டுக்கான பயிற்சிப் பணமும் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டியே முடிவாகின்றன. ஆகவே, வங்கியில் இருப்பவர் கோடை முடிவதற்குள் சொல்லிவிடுவது நல்லது. டிசம்பரில் கேட்டால் முகாமையாளருக்கு மனம் இருந்தாலும் கையில் பணம் இருக்காது.

பொறியியலாளர்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்ராறியோவின் பொறியியல் ஒழுங்குமுறைச் சபை, பொறியியலாளர் உரிமம் பெறக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதத்தில் நீக்கியது. ஊரில் பெற்ற அனுபவத்துக்கு இப்போது மதிப்பு உண்டு. ஆனாலும் உரிமத்துக்கு 48 மாத அனுபவம் வேண்டும்; அந்த அனுபவத்தால் எந்தெந்தத் திறன்களைப் பெற்றீர்கள் என்பதை எடுத்துக்காட்டுகளோடு எழுத வேண்டும்; எழுதியவற்றை அந்த வேலையை நேரில் அறிந்தவர்கள் உறுதிப்படுத்தவும் வேண்டும். உங்களுக்கு எந்த வேலை ஒதுக்கப்படுகிறது, அதை யார் பார்த்து அறிந்திருக்கிறார் என்ற இரண்டுமே முகாமையாளரின் கையில் இருக்கின்றன. உரிமம் பெறப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, எந்தத் திறனில் உங்களுக்கு எடுத்துக்காட்டு குறைவாக இருக்கிறதோ அதற்கான வேலையைக் கேட்டு வாங்குங்கள். கணக்காளர்களும், உரிமம் தேவைப்படும் பிற தொழிலினரும் தத்தம் சபையின் விதிகளை வாசித்துவிட்டே இந்தச் சந்திப்புக்குப் போக வேண்டும்.

நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. நிரந்தர வதிவிடத்துக்கான வழிகளில் ஒன்றான கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, கடந்த மூன்று வருடங்களுக்குள் ஒரு வருட, அதாவது குறைந்தது 1,560 மணிநேரத் திறன்சார் வேலை வேண்டும். அதற்கு நிறுவனம் தரும் கடிதத்தில் பதவி, கடமைகள், வார மணிநேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். பதவி மாறினால் கடமைகளும் மாறும் என்பதால், மாறிய திகதியைக் குறித்து வையுங்கள். குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டுமான வேலை அனுமதியில் இருப்பவர், வேறு வகையான வேலைக்கு மாற ஒப்புக்கொள்வதற்கு முன், புதிய அனுமதி தேவையா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பேசும் முறை பற்றிச் சிறிது. பதவியின் பெயரைக் கேட்பதைவிட வேலையைக் கேட்பது எளிது, கொடுப்பதும் எளிது. "எனக்கு உயர்வு வேண்டும்" என்றால் முகாமையாளர் தனக்கு மேலுள்ளவர்களிடம் போக வேண்டும், "அடுத்த ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும்போது நானும் கூட இருக்கலாமா?" என்றால் பெரும்பாலும் அவரே முடிவு சொல்லிவிடலாம். ஊரில் செய்தவற்றைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்: எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எவ்வளவு பெரிய வேலை, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லும்படி வீட்டில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். உங்களை நேர்முகம் கண்டவர் வேறொருவராக இருந்தால், உங்கள் விண்ணப்பத்தை முகாமையாளர் முழுதாக வாசித்திருப்பார் என்று எண்ண வேண்டாம். வீட்டுச் செலவையும் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் இந்தப் பேச்சில் கொண்டுவராதீர்கள். அந்தச் சுமை உண்மையானது, ஆனால் அதை வைத்து யாருக்கும் பொறுப்புகள் கொடுக்கப்படுவதில்லை.

சந்திப்பு முடிந்த அன்றே, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லி, ஒப்புக்கொண்டவற்றை நான்கைந்து வரிகளில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலிலேயே மூன்று மாதம் கழித்து மீண்டும் பேச ஒரு திகதியையும் கேளுங்கள். இடையில் முகாமையாளர் மாறிவிட்டால், புதியவரிடம் முதலில் காட்ட வேண்டியதும் அந்த மின்னஞ்சல்தான்.